சும்மா இருப்பதன் கணக்கு

கரண்ட் வந்தபின் ஏன் காத்திருக்கிறது?

மேட்டூர் அணை ஜூன் 12ஆம் தேதி திறக்கப்படும் என்ற நம்பிக்கை ஒன்றையே மூலதனமாகக் கொண்டு குறுவைக்கு நாற்று விடுபவர்கள், குத்தாலத்திலும் அதைச் சுற்றியுள்ள காவிரிக்கரைக் கிராமங்களிலும் இன்று மிகச் சிலராகவே இருப்பார்கள். ஆற்றுநீர் தாமதித்தால் கைகொடுப்பதற்குப் போர் வேண்டும். போருக்கு மோட்டார் வேண்டும். மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரம் நடுநிசியிலும் வரும், வந்த வேகத்தில் போகவும் போகும். ஒவ்வொரு முறையும் கைவிளக்கோடு வரப்பில் நடந்துபோய் ஸ்டார்ட்டரை அழுத்திக்கொண்டிருக்க மனிதனால் ஆகாது என்பதனால், மோட்டார் கொட்டகையின் சுவரில், மீட்டருக்கும் ஃபியூஸ் கட்டைகளுக்கும் அருகில், 'ஆட்டோ' என்று எழுதிய விசையோடு கூடிய சிறு பெட்டி ஒன்றை மாட்டி வைக்கும் வழக்கம் ஏற்பட்டிருக்கிறது.

கரண்ட் வந்ததும் இந்தப் பெட்டி மோட்டாரை உடனே ஓட்டிவிடுவதில்லை. சற்று நேரம் வாளாவிருந்து, பின்பே 'டக்'கென்ற ஓசையுடன் ஸ்டார்ட்டரை இழுக்கிறது. வீட்டில் குளிர்பெட்டிக்கு வைத்திருக்கும் ஸ்டெபிலைசரும் இவ்வாறே சுமார் மூன்று நிமிஷம் பொறுத்துத்தான் மின்சாரத்தை உள்ளே விடுகிறது. இந்தப் பொறுமைக்குக் காரணம் உண்டு. நின்றிருக்கும் மோட்டார் கிளம்பும் கணத்தில், ஓடும்போது இழுப்பதைப்போல் ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். ஒரே மின்பாதையிலுள்ள பம்புசெட்டுகள் அனைத்தும் கரண்ட் வந்த அதே கணத்தில் ஒருசேரக் கிளம்பினால் மின்னழுத்தம் சரிந்து, காயில் சூடேறி, மறுநாள் மோட்டாரைக் காயில் கட்ட எடுத்துச் செல்ல நேரிடும். மேலும், வந்த கரண்ட் நிலைத்து நிற்குமா என்பதும் முதல் சில நிமிஷங்களில் நிச்சயமில்லை.

காத்திருப்பதன் அவசியம் இவ்வாறு விளங்கிவிடுகிறது. விளங்காதிருப்பது வேறொன்று. முள்ளும் இல்லாமல், முகப்பும் இல்லாமல், காலையிலிருந்து செத்துக் கிடந்துவிட்டுக் கரண்ட் வந்த பிறகே உயிர்பெறும் அந்தப் பெட்டிக்கு, மூன்று நிமிஷம் ஆயிற்று என்பது எப்படித் தெரிகிறது?

மின்தேக்கி காட்டும் நேரம்

பழைய பெட்டிகளில் இதற்கு எளிய உபாயம் ஒன்று இருந்தது. மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் மின்தேக்கி ஒன்றை, மின்தடை ஒன்றின் வழியாகச் சிறுகச் சிறுக நிரப்புவார்கள். அது குறித்த அளவு நிரம்பியதும் ரிலே விழும். மலிவானது, போதுமானதுங்கூட. ஆயினும் இத்தகைய மின்தேக்கிகள், மேலே அச்சிட்ட மதிப்பிலிருந்து நூற்றுக்கு இருபது பங்கு கூடவோ குறையவோ இருக்கக்கூடும். வெயிலில் காயும் தகரக் கொட்டகையின் சூட்டிலும், ஆண்டுகள் செல்லச் செல்ல உட்புறம் உலர்வதாலும் அந்த மதிப்பு மேலும் மாறும். ஆகவே மூன்று நிமிஷம் என்று விற்கப்பட்டது இரண்டரை நிமிஷமாகவோ மூன்றரை நிமிஷமாகவோ இருந்தால் அதில் ஆச்சரியமில்லை.

இப்போதைய பெட்டிகளில் பெரும்பாலும் ஒரு சில்லு இருக்கிறது. அது நிரம்புவதைக் கவனிப்பதில்லை, எண்ணுகிறது. அந்த எண்ணிக்கையைக் கடைசித் துடிப்பு வரையில் நாமே கணக்கிட்டுப் பார்ப்பதற்கு, இன்றைய சில்லுகளைக் காட்டிலும் அரை நூற்றாண்டுக்கு முந்திய ஒரு சில்லு அதிக சௌகரியமானது.

நாற்பது கால்கள்

இன்டெல் நிறுவனம் 1976இல் வெளியிட்ட 8085 என்ற சில்லை, தமிழ்நாட்டின் பாலிடெக்னிக்குகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் மின்னணுவியல் பயின்ற பல தலைமுறை மாணவர்கள் அறிவார்கள். சென்னையின் வி மைக்ரோசிஸ்டம்ஸ் போன்ற நிறுவனங்கள் தயாரித்த பயிற்சிக் கிட்டின் முன் அமர்ந்து, 4100 என்ற முகவரியிலிருந்து ஒவ்வோர் எண்ணாகத் தட்டி, இரண்டு எண்களைக் கூட்டி விடை கண்டதுதான் அவர்களுள் பலருக்கு யந்திரத்துடன் நேர்ந்த முதல் சம்பாஷணை. பரீட்சை முடிந்ததும் அதை மறந்தவர்களே அதிகம். மறந்ததற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. பாடம் நடத்திய முறை அப்படி.

நாற்பது கால்களும், உள்ளே சுமார் 6,500 டிரான்சிஸ்டர்களும் கொண்ட சிறிய பொருள் அது. அதற்கு முந்திய 8080க்கு மூன்று விதமான மின்னழுத்தங்கள் வேண்டியிருந்தன. இதற்கு ஐந்து வோல்ட் ஒன்றே போதும். இத்தகைய சில்லுக்கு நுண்செயலி என்று பெயர். எட்டுக் கம்பிகளில் ஒவ்வொன்றிலும் மின்னழுத்தம் உண்டு அல்லது இல்லை என்ற இரண்டு நிலைகளை வைத்துக்கொண்டு எண்களைக் கையாளுவதால் இதை எட்டு பிட் நுண்செயலி என்கிறோம். எட்டுக் கம்பிகளின் நிலைகளை 256 விதமாக மாற்றி அமைக்கலாம். ஆகையால் இது ஒரே மூச்சில் அறியக்கூடிய எண்கள் 0 முதல் 255 வரையில்தான்.

இதன் சமகாலத்தவர்களுள் 1975இல் வந்த 6502உம், 1976இல் ஃபெடெரிகோ ஃபாஜின் என்பவரின் ஸைலாக் நிறுவனம் வெளியிட்ட இசட்80உம் பிரசித்தமானவை. 1984-85இல் இந்திய அரசு பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் கல்வியைக் கொண்டுவந்த 'கிளாஸ்' திட்டத்தில் வழங்கப்பட்ட பிபிசி மைக்ரோவின் உள்ளே இருந்தது 6502. இசட்80ஐத் தனிச் சில்லாக விற்பதை ஸைலாக் நிறுத்தியது 2024இல்தான். 8085 அடைந்த பெருமையோ இன்னும் தூரமானது: 1997இல் செவ்வாய்த் தரையில் ஊர்ந்த சோஜர்னர் என்னும் சிறு வண்டிக்கு மூளையாக இருந்தது இதன் குறைமின்சார வடிவமான 80சி85.

துடிப்பும் கட்டளையும்

நுண்செயலியின் முதல் இரண்டு கால்களுக்கு இடையே குவார்ட்ஸ் படிகம் ஒன்றை இணைக்கிறார்கள். மின்சாரம் பட்டதும் அப்படிகம், தன் பரிமாணத்துக்கு ஏற்ற ஒரே சீரான வேகத்தில் அதிர்கிறது. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஒரு படிகம் விநாடிக்கு 61,44,000 முறை அதிரும். 8085 அதைப் பாதியாக்கி, விநாடிக்கு 30,72,000 துடிப்புகளாகத் தன் வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. படிகத்தின் பிழை லட்சத்துக்கு ஐந்து பங்கு என்று வைத்துக்கொண்டாலும், மூன்று நிமிஷத்தில் அது விநாடியின் நூறில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும்.

இத்தனை துடிப்பையும் உட்கார்ந்து எண்ணுவதற்கென்று சில்லினுள் தனியே ஒருவர் இல்லை. இருப்பவை கட்டளைகளே. ஒவ்வொரு கட்டளையும் ஓர் எண். அந்த எண்ணை நினைவகத்திலிருந்து எடுத்துவர, என்னவென்று அறிய, செய்து முடிக்க இத்தனை துடிப்பு ஆகும் என்று ஒவ்வொன்றுக்கும் நிர்ணயம் உண்டு. அந்த நிர்ணயம் மாறுவதே கிடையாது. எனவே ஒரு கட்டளையைச் செய்யும் காரியமே, இத்தனை காலம் கழிந்தது என்பதற்கு அத்தாட்சியாகிவிடுகிறது.

நமக்கு இரண்டு கட்டளைகள் முக்கியம். நுண்செயலியின் உள்ளே ஓர் எண்ணைத் தாங்கும் சிறு இடங்களுக்குப் பதிவகம் என்று பெயர். பி, சி, டி, ஈ என்பன அவற்றுட் சில. 'சி பதிவகத்திலிருந்து ஒன்றைக் குறை' என்பது முதற்கட்டளை. விலை நான்கு துடிப்பு. 'குறைத்தது பூஜ்யமாகவில்லையானால் இன்ன முகவரிக்குத் திரும்பிப் போ' என்பது இரண்டாவது; திரும்பிப் போனால் பத்துத் துடிப்பு, போகாமல் விட்டால் ஏழு. கட்டளைகளின் எண்களை ஞாபகம் வைத்திருப்பது சிரமமாகையால் முதலாவதை 'டிசிஆர் சி' என்றும், இரண்டாவதை 'ஜேஎன்இசட்' என்றும் குறுகிய பெயரிட்டு எழுதுவார்கள். இந்தக் குறும்பெயர்களால் எழுதும் முறைக்கே அசெம்பிளி என்று பெயர். கிட்டில் உழைத்த மாணவர்கள் பெயர்களைக் காகிதத்தில் எழுதி, பக்கத்தில் அட்டவணையைப் பார்த்து எண்களை நிரப்பி, அவற்றைப் பொத்தானில் தட்டினார்கள்.

மரக்காலும் கலமும்

சி பதிவகத்தில் முதலில் பூஜ்யத்தை வைத்து, இந்த இரண்டு கட்டளைகளையும் சுழல விடுவோம். பூஜ்யத்தில் ஒன்றைக் குறைத்தால் எட்டுக் கம்பிகளின் கணக்கில் அது 255 ஆகிவிடும். பிறகு 254, 253 என்று இறங்கி மறுபடியும் பூஜ்யத்தைத் தொடுவதற்குள் 256 சுற்று முடிந்திருக்கும். ஒரு சுற்றுக்குப் பதினான்கு துடிப்பு. கடைசிச் சுற்றில் திரும்பிப் போகாததால் மூன்று மிச்சம். ஆக 3,581 துடிப்பு. கேட்பதற்குப் பெரிதாக இருக்கிறது. காலத்தில் இது விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுவது. இப்படியிருக்க மூன்று நிமிஷத்தை எட்டுவது எங்ஙனம்?

தஞ்சாவூர்க் களத்துமேட்டில் நெல் அளந்தவர்கள் இதற்கு விடை வைத்திருந்தார்கள். 'லாபம்' என்று முதல் மரக்காலைத் தொடங்கி, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டு போய்ப் பன்னிரண்டு முடிந்ததும் ஒரு கலம் என்று அடையாளம் வைத்துவிட்டு, மறுபடியும் 'லாபம்' என்றே ஆரம்பிப்பார்கள். அளப்பவர் வாயில் பன்னிரண்டுக்கு மேற்பட்ட எண் வருவதே இல்லை. ஆயினும் நூற்றுக்கணக்கான கலம் பிசகின்றி அளந்து முடியும். நுண்செயலியும் இதையே செய்கிறது. சி ஒரு முழுச் சுழற்சி முடித்தால் பியில் ஒன்று குறையும். பி முழுதும் முடிந்தால் டியில் ஒன்று. டி முடிந்தால் ஈயில் ஒன்று.

பியிலும் பூஜ்யம் வைத்து 256 முறை சுற்றவிட்டால் ஆவது 9,20,317 துடிப்பு. ஏறக்குறைய விநாடியில் பத்தில் மூன்று பங்கு. டியில் 200ஐ வைத்தால் 18,40,66,197 துடிப்பு. அது ஒரு நிமிஷத்துக்கு விநாடியின் பத்தில் ஒரு பங்குகூடக் குறையாத காலம். ஈயில் மூன்றை வைத்தால் நாம் தேடிய மூன்று நிமிஷம் வந்துவிடுகிறது.

இருபத்தெட்டு எண்கள்

முழுக் கட்டளைத் தொடரையும் கீழே தருகிறேன். பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில், பத்து முதல் பதினைந்து வரையுள்ளவற்றை ஏ முதல் எஃப் வரையான எழுத்துக்களால் குறிப்பது இத்துறையின் மரபு.

06 00, 0ஈ 00, 1ஈ 03, 16 சி8, 0டி, சி2 08 00, 05, சி2 08 00, 15, சி2 08 00, 1டி, சி2 06 00, 3ஈ சி0, 30, 76.

முதல் நான்கு கட்டளைகள் பி, சி, ஈ, டி ஆகிய பதிவகங்களில் தொடக்க எண்களை இடுகின்றன. சி8 என்பது நம் 200. பிறகு வரும் எட்டும் குறைத்தலும் திரும்புதலும். முதல் மூன்று திரும்புதல்களும் 'சி'யைக் குறைக்கும் ஒரே இடத்துக்கே போகின்றன. பியும் சியும் முடிவில் தாமாகவே பூஜ்யத்தில் நிற்பதால் அவற்றை மீண்டும் நிரப்பவேண்டிய அவசியமில்லை. டிக்கு மட்டும் 200ஐ மறுபடி வைக்கவேண்டியிருப்பதால், கடைசித் திரும்புதல் அதற்கு முந்திய 06 என்ற முகவரிக்குச் செல்கிறது. முகவரியை எழுதும்போது சிறிய பாதி முன்னும் பெரிய பாதி பின்னுமாக வருவது 8085இன் வழக்கம். அதனால்தான் 0008 என்பது 08 00 என்று நிற்கிறது. எஞ்சிய மூன்று கட்டளைகளும் சில்லின் நான்காம் காலில் மின்னழுத்தத்தை ஏற்றிவிட்டு, வேலையை நிறுத்துகின்றன. அந்த நான்காம் கால்தான் மோட்டாருக்கு உத்தரவு தரும் கால்.

உத்தரவு பிறக்கும் வரையில் கழியும் துடிப்புகள் 55,21,98,683. காலம் 179.75 விநாடி, மூன்று நிமிஷத்துக்குக் கால் விநாடி குறைவு. இடையில் 'சியில் ஒன்றைக் குறை' என்ற ஒரே கட்டளை 3,93,21,600 தடவை நிறைவேறியிருக்கும். அத்தனை தடவையிலும் உருப்படியான காரியம் ஒன்றும் நடந்திராது. நாம் விலைக்கு வாங்கியது அந்தச் சும்மா இருத்தலைத்தான்.

மறதி செய்யும் உபகாரம்

கரண்ட் எப்போது வந்தது என்பதைப் பெட்டி எவ்வாறு அறிகிறது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. அது அறிவதே இல்லை. 36ஆம் காலில் இணைத்த சிறு மின்தடையும் மின்தேக்கியும், ஐந்து வோல்ட் வந்தபின் விநாடியின் நூறில் ஒரு பங்குக்குக் குறையாமல் சில்லைத் தடுத்து வைத்து, பிறகு விடுவிக்கின்றன. விடுபட்ட 8085 வேறெதையும் யோசியாமல் 0000 என்ற முகவரிக்குப் போகிறது. அங்கே நம் இருபத்தெட்டு எண்கள் காத்திருக்கின்றன. கரண்டின் வருகையே எண்ணிக்கையின் தொடக்கம். எண்ணிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டால் பதிவகங்களிலிருந்த யாவும் அழிந்துபோகும். மறுபடி வந்தால் முதலிலிருந்தே எண்ணும். விட்ட இடத்திலிருந்து தொடரும் புத்திசாலிப் பெட்டியைக் காட்டிலும், எல்லாவற்றையும் மறந்துவிடும் இந்தப் பெட்டியே மோட்டாருக்கு நல்லது. ஏனெனில் கரண்ட் தொடர்ந்து மூன்று நிமிஷம் நிலைத்தாலன்றி மோட்டார் கிளம்பக் கூடாது என்பதுதானே நம் விருப்பம்.

அழியாதிருக்க வேண்டிய அந்த எண்களை ஈப்ராம் என்ற நினைவகச் சில்லில் பதிக்க வேண்டும். அதன் முதுகில் கண்ணாடிச் சாளரம் ஒன்று உண்டு. புறஊதாக் கதிர் அதன் வழியே புகுந்தால் பதிந்தவை அழிந்துவிடும். நேரான வெயிலில் ஒரு வாரம் கிடந்தாலே போதும் என்பது தயாரிப்பாளர்களின் எச்சரிக்கை. தஞ்சை ஜில்லாவின் சித்திரை வெயிலைச் சொல்லவேண்டியதில்லை. சாளரத்தின்மேல் ஒரு காகிதத்தை ஒட்டிவிடுவது உத்தமம்.

வேகமான யந்திரத்தின் சங்கடம்

இதைவிட ஆயிரம் மடங்கு வேகமுள்ள நம் கைபேசியின் செயலியைக் கொண்டு இக்கணக்கை இவ்வளவு சுலபமாகப் போட இயலாது. இன்றைய செயலி அடுத்து வரப்போகும் கட்டளையை ஊகித்து முன்னதாகவே செய்து பார்க்கிறது. ஊகம் பிழைத்தால் செய்ததைத் தள்ளிவிட்டு வேறு வழியில் போகிறது. வேண்டிய எண் பக்கத்தில் இருந்தால் ஒரு காலமும், தூரத்து நினைவகத்தில் இருந்தால் பல மடங்கு காலமும் எடுக்கிறது. ஒரே கட்டளைக்கு இன்றொரு விலை, நாளையொரு விலை. அதோடு, வெறுமனே சுற்றும் ஒரு சுழற்சியை நாம் உயர்நிலை மொழியில் எழுதித் தந்தால், அதை யந்திரமொழியாக்கும் மென்பொருள் இதனால் பிரயோஜனமில்லை என்று கண்டு முழுவதையும் நீக்கிவிடுவதும் உண்டு. ஆகவே அங்கே நேரத்தை அளக்கத் தனியான கடிகாரச் சுற்றுகள் உண்டு.

8085க்கும் 8253 என்ற எண்ணிச் சில்லைத் துணை வைக்கலாம். செயலியை வெறுமனே சுற்றவிடுவது வீண் என்று ஆசிரியர்கள் கூறுவர். வேறு வேலைகளும் உள்ள யந்திரத்துக்கு அது சரியான உபதேசம். காத்திருப்பதைத் தவிர வேறு தொழிலில்லாத பெட்டிக்கு அது பொருந்தாது என்பது என் அபிப்பிராயம். இன்று கடையில் வாங்கும் பெட்டியை 8085 கொண்டு யாரும் செய்யமாட்டார்கள். எல்லாவற்றையும் தன்னுள் அடக்கிய எட்டுக்கால் சில்லு ஒன்றே போதும். ஆனால் அத்தகைய சில்லுகளிற் பலவும் எட்டு பிட் வம்சத்தைச் சேர்ந்தவை. அவற்றுள்ளும் துடிப்பை எண்ணும் இதே கணக்குத்தான் நடக்கிறது.

செய்து பார்ப்போருக்கு

வேண்டிய சில்லுகள் மூன்றே: 8085, முகவரியைப் பிடித்து வைக்கும் 74373, ஒரு ஈப்ராம். எண்களெல்லாம் பதிவகங்களிலேயே இருப்பதால் வேறு நினைவகம் தேவையில்லை. சென்னை ரிச்சி தெருவில் தேடினால் இவை அகப்படும். பழைய பலகைகளிலிருந்து கழற்றியும் எடுக்கலாம். உபயோகிக்காத கால்தானே என்று ஆறாம் காலை வெறுமனே தொங்கவிடுவது புதியவர்கள் செய்யும் பிழை. தடுக்கவே இயலாத குறுக்கீட்டுக்கான கால் அது, காற்றிலுள்ள மின்னிரைச்சலைக் கேட்டுக்கூட எண்ணிக்கையைக் கலைத்துவிடும். அதையும் 39ஆம் காலையும் பூஜ்ய வோல்ட்டிலும், 35ஆம் காலை ஐந்து வோல்ட்டிலும் கட்டிவிட வேண்டும்.

நான்காம் காலில் ஒரு டிரான்சிஸ்டரின் வழியாக எல்இடி விளக்கை மட்டும் வைத்துச் சோதியுங்கள். மோட்டார் கொட்டகையில் உள்ள 415 வோல்ட் உயிரை வாங்கும். ரிலேயைக் கொண்டு ஸ்டார்ட்டரில் சேர்க்கும் வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே விடுங்கள். சொந்தமாகப் பலகை செய்ய வசதியில்லாதவர்கள், அருகிலுள்ள பாலிடெக்னிக்கின் அலமாரியில் தூசி படிந்திருக்கக்கூடிய 8085 கிட்டைக் கேட்டு வாங்கி, எண்களை 4100 முதல் இட்டு, திரும்பும் முகவரிகளில் வரும் 00 என்ற பெரிய பாதிகளை மட்டும் 41 என்று மாற்றிக்கொள்ளலாம். நான்காம் கால் கிட்டில் வேறெதற்கும் இணைக்கப்பட்டிருக்கிறதா என்பதை ஆசிரியரிடம் விசாரித்துக்கொள்ளவும். கைக்கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். விளக்கு எரிய மூன்று நிமிஷம் நான்கு விநாடி ஆனால் கணக்கில் பிழை தேடவேண்டாம். படிகத்தின்மேல் அச்சிட்டிருப்பது 6.144 ஆக இல்லாமல் 6.000 ஆக இருக்கும்.